கூட்டமாக லீவு போட்டால் அது ஸ்டிரைக் இல்லையா?

ஓரகடம் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் 9 ஆண்டுகளாக வேலை பார்க்கும் 33 வயது வாசகர் எழுதியிருக்கிறார். பெயரும் கம்பெனி பெயரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் 540 பேர். ஒப்பந்தத் தொழிலாளர்கள் 200 பேரும், அப்ரண்டிஸ் பையன்களும் தனி. அவருக்குப் பிடித்தத்துக்கு முன் மாதம் 20,800 ரூபாய் சம்பளம். மூன்று ஆண்டுகளாகச் சம்பள ஒப்பந்தம் போடவில்லை. நான்கு மாதத்துக்கு முன் சங்கம் பதிவானது; 310 பேர் சேர்ந்திருக்கிறார்கள். கோரிக்கை மனு கொடுத்து இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. அதற்குப் பதிலாக எச்.ஆர். அறைக்கு ஐந்தைந்து பேராகக் கூப்பிட்டு, ‘நான் எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை, என் குறைகளை நிர்வாகத்திடம் நேரடியாகப் பேசிக்கொள்வேன்’ என்று அச்சடித்த காகிதத்தில் கையெழுத்து கேட்கிறார்களாம். போட்டால் மாதம் 3,000 ரூபாய் ‘சிறப்புப் படி’. போடாவிட்டால் இ.எஸ்.ஐ. அட்டை நிற்கும், கிராஜுவிட்டி போகும், கம்பெனியே ஆந்திராவின் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போய்விடும் என்று பேச்சு.

சங்கத் தோழர்களின் பதில் திட்டம்: அடுத்த மாத முதல் திங்களன்று எல்லோரும் கேஷுவல் லீவு போடுவது. ‘லீவு எடுப்பது நம் உரிமை, ஸ்டிரைக் என்றால்தான் நோட்டீஸ் வேண்டும்’ என்கிறார் ஒரு தலைவர். வாசகரை இணைச் செயலாளர் ஆகச் சொல்கிறார்கள். மனைவிக்கு ஏழாவது மாதம். ஆகஸ்டில் பிரசவம், இ.எஸ்.ஐ.யை நம்பித்தான். 2003 வேலைநிறுத்தத்தில் அரசு வேலையை இழந்து திரும்பப் பெற்ற மாமனார், ‘ஸ்டிரைக்குக்கு உரிமையே கிடையாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு, பேசாம கையெழுத்து போடுங்க மாப்ள’ என்கிறார். என்ன செய்வது என்பது கேள்வி.

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வீட்டில் ஒருவர் சொல்வதும் சங்கத்தில் ஒருவர் சொல்வதும் நேர் எதிராக இருக்கின்றன. இரண்டிலும் பாதி சரி. நீங்கள் சிக்கிக்கொள்ளக்கூடிய இடம் மீதிப் பாதியில் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாமனார் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. 2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது டெஸ்மா எனும் அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். ரங்கராஜன் வழக்கு என்று தொழிலாளர் சட்டம் பார்க்கும் நாங்கள் சொல்லும் தீர்ப்பில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். பெரும்பாலானோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத் திரும்பச் சேர்ந்தார்கள். அந்த நாட்கள் வீட்டில் எப்படிப் போயின என்பது அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த உங்கள் மனைவிக்கும் நினைவிருக்கும்.

ஆனால் அது அரசு ஊழியர்களின் வழக்கு. நீங்கள் தனியார் தொழிற்சாலைத் தொழிலாளி. உங்களுக்கு வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்பது உண்மைதான். சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை, அதற்காக ஸ்டிரைக்கும் அடிப்படை உரிமையாகிவிடாது என்று 1962இலேயே வங்கி ஊழியர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சட்டம் உங்களுக்கு ஸ்டிரைக்கைத் தடை செய்யவில்லை. எப்போது, எப்படிச் செய்தால் சட்டப்படி ஆகும் என்று நிபந்தனை போட்டிருக்கிறது. அந்த நிபந்தனைகள் அண்மையில் மாறியிருக்கின்றன. உங்கள் தலைவர் அதைக் கவனிக்கவில்லை என்று தெரிகிறது.

அந்தத் திங்கட்கிழமை

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தை வைத்துத்தான் நம் ஊரில் எல்லாரும் ஸ்டிரைக் பேசிப் பழகியிருக்கிறோம். 2025 நவம்பர் 21 முதல் அதனிடத்தில் 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. அதில் ‘வேலைநிறுத்தம்’ என்பதற்கு எழுதியிருக்கும் விளக்கத்தில் ஒரு புது வரி இருக்கிறது: ஒரு குறிப்பிட்ட நாளில் 50 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் பேசிவைத்துக்கொண்டு கேஷுவல் லீவு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். உங்கள் தலைவர் நினைத்திருக்கும் அதே வழியை அடைப்பதற்காகவே எழுதிய வரி அது.

540இல் பாதி 270. நீங்கள் 310 பேர். ஒப்பந்தத் தொழிலாளர் 200 பேரையும் சேர்த்து எண்ணினால் பாதி வராதே என்று யாராவது கேட்கலாம். கோர்ட்டில் வாதாட அது நல்ல வாதம்தான். ஆனால் வாதாடுகிற காலம் முழுக்க வேலைக்கு வெளியே நிற்கப்போவது நீங்கள். அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

அப்புறம் நோட்டீஸ். பழைய சட்டத்தில் 14 நாள் நோட்டீஸ் ரயில், மின்சாரம், தண்ணீர் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்குத்தான் கட்டாயம். இப்போது எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் கட்டாயம். நோட்டீஸ் கொடுத்த 14 நாளுக்குள் இறங்கக் கூடாது. கொடுத்து 60 நாளைத் தாண்டிவிட்டால் அந்த நோட்டீஸ் செல்லாது. சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கி 37 நாள் நடத்தியதைப் பார்த்து உங்கள் ஊரில் பலருக்கும் தெம்பு வந்திருக்கிறது. அது பழைய சட்டத்தின் காலம் என்பதை மறந்துவிட்டு இன்று தேதி குறிக்கக் கூடாது.

நோட்டீஸ் இல்லாமல் அந்தத் திங்களன்று 310 பேரும் வராவிட்டால் என்ன ஆகும்? சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தூண்டிவிட்டவருக்கு அபராதம் இன்னும் அதிகம். இணைச் செயலாளர் என்றால் உங்களை அந்தக் கணக்கில் சேர்க்கப் பார்ப்பார்கள். முந்நூறு பேரைச் சிறைக்கு அனுப்புவது நடைமுறையில் அபூர்வம். அடி விழும் இடம் சம்பளமும், கம்பெனி தரும் சார்ஜ் ஷீட்டும் (ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டுக் கடிதம்). வராத ஒரு நாளுக்குச் சம்பளம் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நோட்டீஸும் நியாயமான காரணமும் இல்லாமல் வராவிட்டால், பணி நிபந்தனையில் இடமிருக்கும் பட்சத்தில், 8 நாள் சம்பளம் வரை கூடுதலாகப் பிடிக்கச் சட்டம் விடுகிறது என்பது. உங்கள் 20,800ஐ 26ஆல் வகுத்தால் நாளுக்கு 800. ஒரு நாள் லீவுக்கு 7,200 ரூபாய் போகக்கூடும், அதுவும் பிரசவச் செலவு வருகிற நேரத்தில்.

வேலையே போய்விடுமா என்றால், சும்மா வராமல் இருந்தவரையும் கேட்டில் கல்லெறிந்தவரையும் ஒரே தட்டில் வைத்து வேலைநீக்கம் செய்ய முடியாது என்று 1960 வாக்கிலேயே உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொல்லியிருக்கிறது. சட்டவிரோத ஸ்டிரைக்கில் அமைதியாகக் கலந்துகொண்டதற்கு மட்டும் வேலைநீக்கம் என்பது அதிகபட்சத் தண்டனை என்று வாதாடி ஜெயித்த வழக்குகள் உண்டு. ஜெயிக்க எத்தனை வருஷம் ஆகும் என்பதுதான் கேள்வி.

சரி, என்னதான் செய்யலாம்? உங்கள் சங்கம் செய்ய மறந்த வேலை ஒன்று இருக்கிறது. கோரிக்கை மனுவை நிர்வாகத்திடம் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தீர்கள். தொழிலாளர் உதவி ஆணையரிடம் (சமரசம்) தகராறாக எழுப்பவில்லை. பழைய சட்டத்தின் 2(கே) பிரிவை வைத்து, உதவி ஆணையரின் ஏ.சி.எல். ஆபீஸில் போடும் ‘2கே மனு’ என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அதைத்தான் சொல்கிறேன். பிரிவு எண் மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. அதோடு முறையான ஸ்டிரைக் நோட்டீஸையும் கொடுத்தால் சமரச அலுவலர் இரு தரப்பையும் கூப்பிட்டே ஆகவேண்டும். முதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து சமரசம் தொடங்கியதாகக் கணக்கு.

இங்கே ஒரு கண்ணி இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். சமரசம் நடக்கும்போதும், முடிந்து 7 நாள் வரையும் ஸ்டிரைக் செய்யக் கூடாது. சமரசம் முறிந்தால் நிர்வாகம் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே வழக்கு இருக்கும்வரையும், முடிந்து 60 நாள் வரையும் மறுபடி தடை. சட்டப்படி ஸ்டிரைக் செய்ய உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி மிகக் குறுகியது. இது தொழிலாளிக்குச் சாதகமான சட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். 2025 ஜூலை 9 அன்று நாடு முழுக்க மத்தியத் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் நடத்தியதற்கு இது உள்ளிட்ட புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள்தான் முக்கியக் காரணம்.

ஆனால் உங்கள் கையைக் கட்டும் அதே கயிறு நிர்வாகத்தின் கையையும் கட்டுகிறது. இதை உங்கள் சங்கம் பயன்படுத்தவே இல்லை. சமரசம் நிலுவையில் இருக்கும்போது, தகராறில் உள்ள விஷயங்களில் உங்கள் பணி நிலைமைகளை உங்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது. அந்தத் தகராறோடு தொடர்புடைய குற்றச்சாட்டில் யாரையும் வேலைநீக்கம் செய்யவோ தண்டிக்கவோ வேண்டுமானால் சமரச அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். தகராறோடு சம்பந்தமில்லாத குற்றச்சாட்டு என்றால்கூட, வேலையை விட்டு அனுப்பும்போது ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அனுப்பியதற்கு ஒப்புதல் கேட்டு மனுச் செய்ய வேண்டும். பழைய சட்டத்தில் இருந்த இதே பாதுகாப்பைப் பற்றி, ஒப்புதல் கேட்காத வேலைநீக்கம் செல்லாது என்று 2002இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொன்னது. 2கே மனு போடாமல் லீவு போட்டால் இந்தக் கவசம் எதுவும் உங்களுக்கு இல்லை. மனு போட்டுவிட்டு, வேலையையும் ஒழுங்காகச் செய்துகொண்டு பேசினால் கவசத்தோடு பேசுகிறீர்கள். என்னைக் கேட்டால், ஸ்டிரைக்கைவிட ஸ்டிரைக் நோட்டீஸுக்குத்தான் உங்கள் நிர்வாகம் அதிகம் பயப்படும். கார் கம்பெனிக்குச் சீட்டும் பிரேக்கும் அனுப்புகிற ஆலைகளில் கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான் இருக்கும். நோட்டீஸ் போன சேதி அந்தக் கார் கம்பெனியின் கொள்முதல் பிரிவுக்கு எட்டினால், அங்கிருந்து வரும் போன்தான் உங்கள் நிர்வாகத்தைப் பேச்சுக்கு உட்கார வைக்கும்.

எச்.ஆர். நீட்டும் காகிதம்

கையெழுத்து போட வேண்டாம். சங்கத்தில் சேராதே என்று மிரட்டுவது, சேர்ந்தால் வேலை போகும் என்பது, சங்கம் வளர்கிற நேரம் பார்த்து அதைக் கெடுக்கச் சம்பளம் உயர்த்துவது, நிர்வாகமே முன்னின்று ஒரு சங்கம் அமைப்பது: இவையெல்லாம் ‘நியாயமற்ற தொழில் நடைமுறை’ என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பெயரோடு இருக்கின்றன. அபராதம் 10,000 முதல் 2,00,000 ரூபாய் வரை.

இவ்வளவு ஆபத்தை எடுத்துக்கொண்டு ஏன் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று யோசித்தீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுச் சட்டப்படி, ஆலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருக்கும்போது, மஸ்டர் ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காடு ஒரு சங்கத்தின் பக்கம் இருந்தால் அந்தச் சங்கமே ஒரே பேச்சுவார்த்தைச் சங்கம். 540இல் 51 விழுக்காடு என்றால் 276 பேர். இன்று 310 பேர் இருக்கிறீர்கள். 35 பேர் கையெழுத்து போட்டுவிட்டால் 275. சங்கம் அழியாது, ஆனால் போட்டிச் சங்கம் ஒன்று வந்தால் தனியாக உட்கார்ந்து பேசும் தகுதி கைவிட்டுப் போகும். மாதம் 3,000 வீதம் 35 பேருக்கு ஆகும் செலவு 1,05,000 ரூபாய். ஆலைக்கு அது பெரிய தொகையா?

அதனால் அந்த அறையில் சண்டை போடாதீர்கள். ‘படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், ஒரு நகல் கொடுங்கள்’ என்று கேளுங்கள். நகல் தர மறுத்தால் வெளியே வந்தவுடன் தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். ஏற்கெனவே யாராவது பயத்தில் போட்டிருந்தால், அழுத்தத்தின் பேரில் வாங்கப்பட்டது என்று சங்கத்துக்கும் உதவி ஆணையருக்கும் உடனே ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் போகட்டும். புகாரைச் சங்கத்தின் பெயரில் கொடுங்கள், தனியாள் பெயரில் வேண்டாம்.

‘வெளியாள் தலைவராக இருக்கும் சங்கம் செல்லாது’ என்று எச்.ஆர். சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தப்பு. நிர்வாகிகளில் மூன்றில் ஒரு பங்கு அல்லது ஐந்து பேர், இதில் எது குறைவோ அந்த அளவுக்கு ஆலைக்கு வெளியே இருப்பவர்கள் இருக்கலாம். 1918 ஏப்ரலில் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது தலைவரான பி.பி.வாடியா, பம்பாயிலிருந்து வந்து அடையாறு பிரம்மஞான சபையில் இருந்த பார்சிக்காரர். செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் வியாபாரிகள். திரு.வி.க. பத்திரிகை ஆசிரியர். ஒருவர்கூட ஆலைக்குள் தறி ஓட்டியவர் இல்லை. கம்பெனி வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கியது. நாட்டுக்கே ஒரு தொழிற்சங்கச் சட்டம் வேண்டும் என்ற குரல் வலுத்ததற்கு அந்த வழக்கு முக்கியக் காரணம். 1926இல் சட்டம் வந்தது. பதிவான சங்கத்தின் நியாயமான நடவடிக்கைகளுக்காக நிர்வாகிகள் மீது சதி வழக்கும் நஷ்டஈட்டு வழக்கும் போட முடியாது என்ற பாதுகாப்பு அப்போது வந்ததுதான். புதுச் சட்டத்திலும் இருக்கிறது. வன்முறைக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஸ்ரீசிட்டி மிரட்டலுக்கு இரண்டு பதில். 300 பேரோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையை அரசின் முன் அனுமதி இல்லாமல் மூட முடியாது. நீங்கள் 540 பேர். ஆனால் புது ஆர்டர்களை மெல்ல மெல்ல வேறு ஊர் ஆலைக்குத் திருப்பிவிடுவதை எந்தச் சட்டமும் தடுக்காது. அது உண்மையான ஆபத்து. சங்கக் கூட்டத்தில் இதைப் பேசுபவரைத் துரோகி என்று சொல்லி உட்கார வைக்காதீர்கள்.

இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி, போனஸ்

இந்த மிரட்டலில் சட்டப்படி ஒன்றுமே இல்லை. சங்கத்தில் சேர்ந்ததற்காக இ.எஸ்.ஐ.யை நிறுத்தும் அதிகாரம் எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டிய சந்தாவுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். அந்த ஆறு மாதத்தில் 78 நாளுக்கு மேல் உங்களுக்குச் சந்தா போயிருக்கும். அதனால் ஆகஸ்டுப் பிரசவத்துக்கு மருத்துவ வசதி உண்டு. இப்போது சில நாள் சம்பளம் விட்டுப்போனாலும் அது மாறாது. மனைவியின் பெயரும் ஆதாரும் உங்கள் இ.எஸ்.ஐ. கணக்கில் சரியாக ஏறியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக் கவுன்டரில் அலைய வைப்பது பெரும்பாலும் அந்தப் பதிவுதான். ஒரு விஷயத்தில் ஸ்டிரைக் குறுக்கே வரும்: ஸ்டிரைக்கில் இருக்கும் நாட்களுக்கு நோய்க்கால ரொக்கப் பணம் கேட்க முடியாது.

கிராஜுவிட்டி 5 ஆண்டு முடிந்ததுமே உங்களுடையதாகிவிட்டது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 13,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 9 ஆண்டால் பெருக்கினால் 67,500 ரூபாய். இதைப் பறிக்க வேண்டுமானால் சேதம் விளைவித்தது, கலவரம் அல்லது வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம் போன்ற காரணத்துக்காக உங்களை வேலைநீக்கம் செய்திருக்க வேண்டும். சங்க அட்டை அந்தப் பட்டியலில் இல்லை. போனஸும் அப்படித்தான். மோசடி, திருட்டு, ஆலை வளாகத்தில் வன்முறை, நாசவேலை போன்றவற்றுக்காக வேலைநீக்கம் ஆனவர்தான் இழப்பார்.

ஆக, உங்கள் பணப்பலன்களுக்கு ஆபத்து சங்கத்தால் வராது, அடிதடியால் வரும். அதனால் வாட்ஸாப் குழுவைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘மெஷினை நிறுத்துவோம்’, ‘ஜி.எம். வீட்டு முன்னாடி போய் உட்காருவோம்’ என்று கோபத்தில் யாரோ போடும் ஒரு வரி நாளைக்குக் கம்பெனி வக்கீலின் கோப்பில் முதல் பக்கமாக இருக்கும். மேலாளர் வீட்டு முன் ஆர்ப்பாட்டம், கெரோ (அதிகாரியை நகரவிடாமல் சூழ்ந்து நிற்பது), வேண்டுமென்றே வேலையை மந்தமாகச் செய்வது, ஷிஃப்ட் முடிந்தும் உள்ளேயே உட்கார்ந்துகொள்வது: இவையும் அதே இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன, தொழிலாளர் தரப்புத் தவறுகளாக.

இணைச் செயலாளர் பதவி

மனைவி வேண்டாம் என்கிறார் என்பதைக் கடிதத்தில் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது முதல் வரியில் வந்திருக்க வேண்டும். அவருடைய பயத்தை ‘உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று தள்ளாமல் மேலே சொன்ன கணக்குகளை அவர் முன் வைத்துப் பேசுங்கள். மாமனாரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்து, உறுப்பினராக உறுதியாக நில்லுங்கள், பதவியைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். 2கே மனு போய், சமரசத்தின் முதல் கூட்டம் நடந்து, ‘பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்’ பட்டியலைச் சங்கம் எழுத்தில் கொடுத்த பிறகு ஏற்பது புத்திசாலித்தனம். மொத்தத் தொழிலாளர்களில் ஒரு விழுக்காடு, குறைந்தது ஐந்து பேர் அந்தப் பட்டியலில் இருக்கலாம். உங்கள் ஆலைக்கு ஐந்தாறு பேர். தகராறு நிலுவையில் இருக்கும்போது அவர்கள்மேல் எந்தக் காரணத்துக்காக வேலைநீக்க நடவடிக்கை என்றாலும் முன் அனுமதி வேண்டும். தலைவர்கள் இதெல்லாம் வேண்டாம், இப்போதே வா என்றால், அவர்கள் உங்களைத் தேடுகிறார்களா, ஒரு பெயரைத் தேடுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே சமயத்தில் உங்களுக்குத் திடீரென்று ‘சூப்பர்வைசர்’ பதவி உயர்வு வந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் என்னைப் போன்ற ஒருவரிடம் அந்த ஆர்டரைக் காட்டுங்கள். மேற்பார்வை வேலையில் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் ‘தொழிலாளி’ இல்லை. நீங்கள் 20,800 வாங்குகிறீர்கள். பெயர்ப் பலகை எதுவாக இருந்தாலும் உண்மையில் பார்க்கும் வேலை என்ன என்பதைத்தான் கோர்ட் பார்க்கும். ஆனாலும் அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

பேச்சுவார்த்தைக்கு உட்காரும் நாள் வந்தால், கோரிக்கை மனுவில் விட்டுப்போன இரண்டு விஷயங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். மாதம் 5,000 உயர்வு கேட்டிருக்கிறீர்கள். இ.எஸ்.ஐ.க்குக் கணக்கில் வரும் சம்பளம் 21,000ஐத் தாண்டினால், அந்தச் சந்தாக் காலம் முடிந்ததும் நீங்கள் இ.எஸ்.ஐ.யை விட்டு வெளியே வந்துவிடுவீர்கள். கைக்குழந்தையோடு தனியார் ஆஸ்பத்திரி பில் கட்டும்போதுதான் அந்த 5,000 எவ்வளவு சின்னது என்று தெரியும். குடும்பத்துக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு, அதில் பிரசவமும் குழந்தையும் முதல் நாளிலிருந்தே அடங்க வேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

இன்னொன்று அந்த 200 ஒப்பந்தத் தொழிலாளர்கள். நீங்கள் வெளியே நின்றால் லைனை ஓட்ட அவர்களைத்தான் கூப்பிடுவார்கள் என்று கவலைப்படுகிறீர்கள். சட்டப்படியான ஸ்டிரைக்கின்போது புது ஆள் எடுப்பது நியாயமற்ற நடைமுறை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களை வேலை வாங்குவது அதில் வராது. அவர்களுக்கு உங்கள் கோரிக்கை மனுவில் ஒரு வரிகூட இல்லையே, அவர்கள் ஏன் உங்களுக்காக நிற்க வேண்டும்? 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவர் நிரந்தரம் கேட்கலாம். கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் என்று நிர்வாகம் மறுக்கும். அந்த கான்ட்ராக்ட் வெறும் பெயரளவுக்குத்தான் என்று காட்ட வருகைப் பதிவு, ஐ.டி. கார்டு, பி.எஃப். பாஸ்புக், ஷிஃப்ட் சார்ட் ஆகியவற்றின் நகல் வேண்டும். அவர்களிடம் பேசி அந்த நகல்களைச் சேர்க்கும் வேலையை யாராவது ஏற்க வேண்டும். அதற்குப் பதவி தேவையில்லை. நீங்கள் கேட்டால் சங்கம் மறுக்காது என்று நினைக்கிறேன்.